ஊரை ஒட்டிய மலையில் நடையும் சைக்கிளும்: நீங்கள் கேட்டவை

நகரத்தின் விளிம்பிலேயே இருக்கும் கரடுமுரடான மலைப் பூங்காக்களில் 18 வருடமாக நடக்கிறேன். அதில் 12 வருடம் சைக்கிளும் சேர்ந்துகொண்டது. நான் மருத்துவரும் இல்லை, மெக்கானிக்கும் இல்லை. விழுந்து எழுந்து கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அண்ணா, சுற்றுப்பாதை 9 கிலோமீட்டர் என்று பலகையில் போட்டிருக்கிறது. தினமும் காலையில் ஒரு மணி நேரத்தில் 6 கிலோமீட்டர் நடக்கிறவன் நான். ஒன்றரை மணி நேரம் போதும்தானே?

பதில்: போதாது தம்பி. பலகை தூரத்தைச் சொல்கிறது, ஏற்றத்தைச் சொல்வதில்லை. 1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் ஒரு கணக்குச் சொன்னார். 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதற்கு மேல் ஏறுகிற ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். உங்கள் சுற்றில் மொத்த ஏற்றம் 600 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தூரத்துக்கு 1 மணி 48 நிமிடம், ஏற்றத்துக்கு 1 மணி, ஆக 3 மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதுவும் நல்ல பாதையில் நிற்காமல் நடப்பவருக்கு. காலடியில் உருளும் கல், கையை ஊன்றி ஏறும் பாறை, தண்ணீர் குடிக்க நிற்பது, கூட வருபவர் படம் எடுப்பது எல்லாம் சேர்த்து நாலரை மணி நேரம் என்று வைத்துக் கிளம்புங்கள். பொழுது சாய நாலரை மணி நேரம் இல்லையென்றால் அன்றைக்குப் பாதி வழியில் திரும்பிவிடுங்கள். பையில் ஒரு தலைவிளக்கு கிடக்கட்டும். செல்போன் வெளிச்சத்தை நம்பினால் ஒரு கை அதற்கே போய்விடும்.

கேள்வி: உச்சியில் நின்றால் நகரம் முழுக்கத் தெரிகிறது. இப்படிப்பட்ட இடத்தில் போய் எப்படி வழி தப்புகிறார்கள்?

பதில்: ஊர் தெரிவதால்தான் தப்புகிறார்கள். நானே தப்பியிருக்கிறேன். ஒரு மாலை, இருட்டுவதற்கு அரை மணி நேரம் இருந்தது. பாதை மலையைச் சுற்றி எதிர்ப்பக்கம் போனது. விளக்குகளோ நேர் கீழே எரிந்தன, பஸ் ஹாரன்கூடக் கேட்டது. சுற்றுவானேன் என்று ஒரு வறண்ட ஓடைக்குள் இறங்கினேன். முதல் படிக்கட்டுப் பாறை என் இடுப்பளவு, உட்கார்ந்து சறுக்கினேன். அடுத்தது என் உயரம், தொங்கிக் குதித்தேன். மூன்றாவதன் விளிம்பில் மண்டியிட்டு ஒரு கல்லை உருட்டிவிட்டேன். அது தரையில் பட்ட சத்தம் வர ஒன்று, இரண்டு எண்ண முடிந்தது. அதாவது ஏறக்குறைய 20 மீட்டர். திரும்பினால், குதித்து வந்த பாறை வழுவழுவென்று தலைக்கு மேலே நிற்கிறது. பக்கவாட்டுப் புதரைப் பிடித்து ஏறிப் பாதைக்கு வரும்போது மணி பத்து. உள்ளங்கையில் முள் எடுக்க இரண்டு நாள் ஆனது.

கரடுமுரடான மலையில் ஓடை என்பது தண்ணீர் இறங்கும் வழி, மனிதர் இறங்கும் வழி அல்ல. தண்ணீருக்கு அருவியாக விழத் தெரியும். வரைபடத்தில் உயரக்கோடுகள் ‘வி’ போல வளைந்து, அதன் கூர்முனை மேட்டுப் பக்கம் பார்த்தால் அது ஓடைப் பள்ளம். கோடுகள் ஒட்டிக்கொண்டு நெருக்கமாக இருந்தால் செங்குத்து. வழி தவறியது போலத் தோன்றினால் கீழே இறங்காதீர்கள். கடைசியாகப் பாதைக் குறியைப் பார்த்த இடத்துக்குத் திரும்பி ஏறுங்கள். கால் கெஞ்சும், இருந்தாலும் ஏறுங்கள்.

கேள்வி: சார், ரோட்டில் ஓட்டும் மெல்லிய டயர் சைக்கிளை அங்கே கொண்டு போகலாமா? டயரில் காற்று எவ்வளவு?

பதில்: பூங்காவின் தார்ச்சாலையில் தாராளமாக ஓட்டுங்கள். பாறைத் தடத்தில் வேண்டாம். 2.2 அங்குலத்துக்குக் குறையாத அகலமும் பக்கவாட்டில் நல்ல தடிமனும் உள்ள டயர் வேண்டும். புதிதாக வருகிறவர்கள் செய்யும் பெரிய தப்பு, பஞ்சருக்குப் பயந்து காற்றைக் கல் மாதிரி அடைப்பது. அப்படி அடைத்தால் டயர் ஒவ்வொரு கல்லின் மீதும் துள்ளும், பிடிப்பே இருக்காது. 70 கிலோ எடையுள்ளவர் ட்யூப்லெஸ் டயரில் 22 முதல் 26 பிஎஸ்ஐ வரை வைத்துப் பார்க்கலாம், முன் சக்கரத்தில் இரண்டு குறைவாக. உள்ளே ட்யூப் இருந்தால் இரண்டு மூன்று கூட்டுங்கள். இல்லையென்றால் கல்லுக்கும் சக்கர விளிம்புக்கும் நடுவே ட்யூப் நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி இரட்டை ஓட்டை விழும். கியரைப் பொறுத்தவரை முன் பல்சக்கரத்தைவிடப் பின் பல்சக்கரம் பெரிதாக இருக்கும் கியர் உங்களிடம் கட்டாயம் வேண்டும். ஏற்றம் வந்த பிறகு மாற்றாமல், வருவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

கேள்வி: இறக்கத்தில் பிரேக்கிலிருந்து கருகல் வாசனை வந்தது. பிரேக் கெட்டுவிட்டதா?

பதில்: வேலை செய்ததற்கான வாசனைதான் அது, ஆனால் எச்சரிக்கையும்கூட. நீங்களும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்றால், 400 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது ஏறக்குறைய 333 கிலோஜூல் ஆற்றல் எங்காவது போக வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து கொதிக்க வைக்கும் அளவு அது. காற்று கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், மெதுவாக இறங்கினால் மிச்சமெல்லாம் உங்கள் பிரேக்கில்தான். அதனால் மேலிருந்து கீழ்வரை லேசாகப் பிடித்தபடியே வராதீர்கள். வளைவுக்கு முன்னால் நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், அப்புறம் விட்டுவிடுங்கள். விட்ட நேரத்தில், சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டு ஆறும். நீண்ட இறக்கத்தில் நடுவே நின்று கைக்கும் ஓய்வு கொடுங்கள். தட்டைத் தொட்டுப் பார்க்க ஆசைப்படாதீர்கள், விரல் ஒட்டிக்கொள்ளும்.

இதில் ஒரு பழைய கதை உண்டு. சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே டமல்பையஸ் மலைப் பக்கம், பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பிரேக் வைத்த பழைய கனத்த சைக்கிள்களில் சிலர் மண்பாதையில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். கீழே வருவதற்குள் பின் சக்கர மையத்தில் இருந்த கிரீஸ் சூட்டில் புகைந்தே போய்விடும், ஒவ்வொரு முறையும் புதிதாக அடைக்க வேண்டும். அதனால் அந்த இறக்கத்துக்கே ‘ரீபேக்’, அதாவது ‘மறுபடி அடைப்பது’, என்று பெயர் வந்தது. 1976 அக்டோபரில் அங்கே முதல் பந்தயம் நடந்தது. இன்றைய மலைச் சைக்கிளின் பிறப்பிடங்களில் அதுவும் ஒன்று.

கேள்வி: நான் நடக்கிறவள். பின்னாலிருந்து சைக்கிள்காரர்கள் உரசுகிற மாதிரி பறக்கிறார்கள். யார் யாருக்கு வழிவிட வேண்டும்?

பதில்: பெரும்பாலான பூங்காக்களில் சைக்கிள்காரர்தான் நடப்பவருக்கு வழிவிட வேண்டும். குதிரை வந்தால் இருவருமே ஒதுங்க வேண்டும். இறங்குபவர் ஏறுபவருக்கு விடுவார். உள்ளூர்ப் பலகை வேறு மாதிரி சொன்னால் பலகைதான் சட்டம். நம் சைக்கிள் கூட்டத்தில் பாதிப் பேருக்கு இது தெரிந்தும் தெரியாத மாதிரி நடக்கிறார்கள் என்பதை ஒத்துக்கொள்கிறேன் அக்கா. சைக்கிள்காரர்களே, வளைவுக்கு முன்னால் மணி அடியுங்கள், எத்தனை பேர் பின்னால் வருகிறார்கள் என்று சொல்லுங்கள், நடப்பவரைத் தாண்டும்போது நடை வேகத்துக்கு வாருங்கள். அக்கா, நடக்கிற உங்கள் பக்கமும் ஒரு வேண்டுகோள்: இரண்டு காதிலும் இயர்போன் போட்டுக்கொண்டு தடத்தின் நடுவில் நடக்காதீர்கள்.

கேள்வி: தண்ணீர் எவ்வளவு?

பதில்: மிதமான வெயிலில் மணிக்கு அரை லிட்டர். கடும் வெயிலில் ஏறினால் ஒரு லிட்டர் வரை. பல மணி நேரம் வெறும் தண்ணீராகவே குடித்துத் தள்ளினால் இரத்தத்தில் உப்பு குறைந்து அதுவே மயக்கத்தில் விடும், அதனால் உப்புள்ள தீனி ஏதாவது கூடவே சாப்பிடுங்கள். பாதித் தண்ணீர் முடிந்தும் உச்சி வரவில்லையென்றால் திரும்புங்கள். கூட வருபவர் உளற ஆரம்பித்தாலோ தடுமாறினாலோ அது களைப்பு அல்ல, வெப்பத்தாக்கு. நிழலில் கிடத்தி, உடம்பை நனைத்து, விசிறிக்கொண்டே உதவியைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. இரண்டு நாள் கழித்து மாடிப்படி இறங்கவே முடியவில்லை, தொடை அப்படி வலி.

பதில்: இறக்கம் செய்த வேலை. இறங்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே உங்கள் எடையைத் தாங்குகிறது. அந்த வேலையில் தசை இழைகளில் நுண்ணிய சேதம் வரும், வலி ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் உச்சத்துக்குப் போகும். அடுத்த முறை குறைவாகவே வலிக்கும். அடியைச் சிறிதாக வையுங்கள், முட்டியை விறைக்காதீர்கள். முட்டிக்குள்ளேயே குத்தினால் அது வேறு, டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி: மின்னல் வந்தால்?

பதில்: மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணுங்கள். 3 நொடிக்கு ஒரு கிலோமீட்டர். 30-க்குள் இடி கேட்டால் உடனே முகட்டை விட்டு இறங்குங்கள், தனி மரத்தடிக்குப் போகாதீர்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் பொறுங்கள். மழை விட்டதும் சேற்றுத்தடத்தில் சைக்கிளை விடாதீர்கள். அந்தச் சக்கரத்தடம் காய்ந்து, அடுத்த மழையில் அதுவே ஓடையாகிவிடும்.

கேள்வி: சிக்னல் இல்லாத இடத்தில் அடிபட்டால்?

பதில்: ஒரு விசில். நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊதுங்கள். மூன்று ஊதல் பதிலாக வந்தால் யாரோ கேட்டுவிட்டார்கள். அப்போதும் நிறுத்தாதீர்கள், சத்தத்தை வைத்துத்தான் உங்களைத் தேடுவார்கள். கிளம்பும் முன் எந்தத் தடம், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

கேள்வி: ஏற்றத்தில் இறங்கித் தள்ளினால் சிரிக்கிறார்கள் அண்ணா. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பதில்: சிரிப்பவரும் அடுத்த வளைவில் தள்ளுவார், நான் பார்த்திருக்கிறேன். செங்குத்தான இடத்தில் தள்ள ஒரு முறை இருக்கிறது. இரண்டு கையும் ஹேண்டில்பாரில். கை நீளும்வரை சைக்கிளை மேலே தள்ளுங்கள், இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடியுங்கள். இப்போது சைக்கிள் நட்டுவைத்த கம்பு மாதிரி நிற்கும். அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு அடி ஏறுங்கள். பிரேக்கை விடுங்கள், தள்ளுங்கள், மறுபடி பிடியுங்கள். அடிப்பகுதி கெட்டி பிளாஸ்டிக்காக இருக்கும் சைக்கிள் ஷூ பாறையில் வழுக்கும், ரப்பர் அடி உள்ளதாகப் பார்த்துப் போடுங்கள்.