வளைவில் பின்பக்கம் ஏன் நழுவுகிறது?

கேள்வி: எண்ணூர் விரைவுச் சாலையில் வளையும்போது, மேடுபள்ளம் வந்தால் என் காரின் பின்பக்கம் வெளியே போகிறது. முன்சக்கரம்தானே வண்டியை இழுக்கிறது?
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: இழுப்பது முன்சக்கரம்தான். ஆனால் வளைவில் வண்டியை வெளியே போகாமல் பிடித்து வைப்பதில் நான்கு டயருக்கும் பங்குண்டு. இன்ஜினும் கியர்பாக்ஸும் முன்னால் இருப்பதால் எடையில் சுமார் 60 சதவீதம் அங்கேதான். தனியாக ஓட்டினால் பின்பக்கம் ரொம்ப லேசு. கன்டெய்னர் லாரிகள் உழுதுபோட்ட நம்ம ரோட்டில் பின்சக்கரம் துள்ளும் கணத்தில் டயருக்குத் தரையில் பிடியே இருக்காது. சின்ன கார்கள் பலவற்றில் பின்சக்கரங்கள் இரண்டையும் ஒரே பீம், அதாவது குறுக்கு இரும்புச் சட்டம், இணைக்கிறது. ஒன்று அடிவாங்கினால் மற்றதும் அசையும்.

பயந்துபோய் நடுவளைவில் பிரேக்கை மிதித்தால் எடை இன்னும் முன்னால் ஓடி, நழுவல் கூடும். தயவுசெய்து வேண்டாம், பக்கத்திலேயே டிரெய்லர் வருகிற ரோடு அது. வேகத்தை வளைவுக்கு முன்பே குறையுங்கள்.

மணலியில் என் பட்டறைக்கு இதே குறையோடு வரும் கார்களில் நான் முதலில் பார்ப்பது, சக்கரத்தின் துள்ளலை அடக்கும் பின் ஷாக் அப்சார்பரைத்தான். எண்ணெய் கசிந்திருந்தால் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். டயரில் காற்று கூடுதலாக இருந்தாலும் துள்ளும். புது டயர் இரண்டு மட்டும் வாங்கினால் பின்னால் போடுங்கள். முன்னால் போடச் சொல்வார்கள், கேட்காதீர்கள்.