இக்னோரில் எழுதியும் கிட் கேட்க மறுப்பது ஏன்?

கேள்வி: மூன்று பேர் சேர்ந்து ஒரு ஜவுளிக்கடைக்கு பில்லிங் மென்பொருள் எழுதுகிறோம். கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்க ‘கிட்’ மென்பொருளைப் பயன்படுத்துகிறோம். டேட்டாபேஸ் பாஸ்வேர்டு உள்ள ‘.என்வ்’ ஃபைலை, கிட் கண்டுகொள்ளக் கூடாதவற்றை எழுதும் ‘.கிட்இக்னோர்’ பட்டியலில் சேர்த்துவிட்டேன். ஆனாலும் அந்த ‘.என்வ்’ ஃபைலில் எதையாவது மாற்றினால், மாறிய ஃபைல்களைச் சொல்லும் ‘கிட் ஸ்டேட்டஸ்’ கட்டளை அதைக் காட்டிக்கொண்டே இருக்கிறது. என்ன பிழை?
– வாசகர், ஈரோடு

பதில்: நீங்கள் எழுதிய வரியில் பிழையில்லை. அந்த ஃபைல் முன்பே கமிட் ஆகிவிட்டது, அதாவது கிட்டின் வரலாற்றில் பதிவாகிவிட்டது. கிட் இதுவரை கணக்கில் எடுக்காத ஃபைல்களுக்குத்தான் இக்னோர் பட்டியல் செல்லும். ஏற்கெனவே உள்ளே வந்ததை அது தொடாது.

ஸ்டேட்டஸை விட எனக்குக் கவலை தருவது அந்த பாஸ்வேர்டுதான். புஷ் செய்து, மூவரும் பகிரும் சர்வருக்கு அனுப்பியிருந்தால் இன்றே மாற்றிவிடுங்கள். மற்ற வேலையெல்லாம் அதற்குப் பிறகு. குளோன் (திட்டத்தின் முழு நகல்) எடுத்த ஒவ்வொரு லேப்டாப்பிலும் பழைய கமிட்டுகள் முழுமையாக இருக்கின்றன. இப்போது ஃபைலை நீக்கினாலும், பின்னால் போய்ப் பார்ப்பவருக்கு பாஸ்வேர்டு அப்படியே தெரியும். ‘கிட் ஃபில்டர்-ரெப்போ’ என்ற கருவியைக் கொண்டு வரலாற்றையே திருத்தி எழுதலாம். ஆனால் கமிட் எண்கள் மாறி, மூவரும் புதிதாகக் குளோன் எடுக்க வேண்டிவரும். வெளியே போய்விட்ட நகலையும் அது அழிக்காது. பாஸ்வேர்டை மாற்றிய பின் உங்களுக்கு அந்தப் பாடு தேவையில்லை என்பேன்.

அடுத்து, ‘கிட் ஆர்எம் --கேஷ்டு .என்வ்’ கொடுத்து கமிட் செய்யுங்கள். உங்கள் கம்ப்யூட்டரில் ஃபைல் அப்படியே இருக்கும், கிட்டின் கணக்கிலிருந்து மட்டும் விலகும். கவனம்: மற்ற இருவரும் புல் செய்து புதிய மாற்றங்களை இறக்கும்போது அவர்களிடம் உள்ள ஃபைல் அழிந்துவிடும். முன்கூட்டியே சொல்லி, நகல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். புதிதாகச் சேர்பவர் திண்டாடாமல் இருக்க, மதிப்புகள் இல்லாமல் பெயர்கள் மட்டும் உள்ள ‘.என்வ்.எக்ஸாம்பிள்’ ஃபைலை கமிட் செய்து வைப்பது நல்ல வழக்கம்.

கேள்வி: ‘.கிட்இக்னோர்’ ஃபைலில் ‘அப்லோட்ஸ்/’ என்று எழுதி, கீழே ‘!அப்லோட்ஸ்/லோகோ.பிஎன்ஜி’ என்று லோகோவுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தேன். லோகோ சேரவே இல்லையே?
– கல்லூரி மாணவி, மதுரை

பதில்: ஃபோல்டரையே ஒதுக்கிவிட்டால் கிட் அதற்குள் எட்டிக்கூடப் பார்க்காது, உள்ளே இருக்கும் ஒன்றுக்கு விலக்குக் கொடுத்துப் பயனில்லை. முதல் வரியை ‘அப்லோட்ஸ்/*’ என்று மாற்றுங்கள். ஃபோல்டர் திறந்திருக்கும், உள்ளே இருப்பவை ஒதுங்கும், லோகோ மட்டும் சேரும். வரிசை முக்கியம்: பொருந்தும் வரிகளில் கடைசியாக உள்ளதே செல்லும். ஆகவே ஆச்சரியக்குறி வரி கீழேதான் இருக்க வேண்டும்.

இனி இப்படிக் குழம்பினால் ‘கிட் செக்-இக்னோர் -வி’ என்று அடித்துப் பக்கத்தில் ஃபைல் பெயரைக் கொடுங்கள். எந்த இக்னோர் ஃபைலின் எத்தனையாவது வரி அதைப் பிடித்தது என்று காட்டிவிடும். உங்கள் எடிட்டர் உண்டாக்கும் சொந்தக் குப்பைகளைப் பொதுப் பட்டியலில் ஏற்றாமல் ‘.கிட்/இன்ஃபோ/எக்ஸ்க்ளூட்’ ஃபைலில் எழுதிக்கொள்ளுங்கள். அது உங்கள் கம்ப்யூட்டரைத் தாண்டிப் போகாது.