கண்டெடுத்த மரத்தில் காட்டுயிர் ஓவியம்: கேள்வி பதில்

காய்ந்து விழுந்த கிளைகளிலும் கரையொதுங்கிய கட்டைகளிலும் சூட்டுக்கோல் (மரத்தைச் சுட்டுக் கோடு வரையும், முனை சூடேறும் கருவி) கொண்டும் உளி கொண்டும் விலங்கு, பறவை உருவங்களைப் படைப்பது குறித்துப் பலர் கேட்டிருந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். கேட்பவர்கள் பெரும்பாலும் கைத்திறனைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். ஆனால் ஓவியம் கெடுவதற்கான காரணம் அநேகமாகக் கட்டையிலேயே இருக்கிறது என்பதால், மரத்தைப் பற்றியும் விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, கீழே விழுந்து கிடக்கும் கிளையை வெட்டி எடுத்து உடனே சுடத் தொடங்கலாமா?

பதில்: கூடாது. ஈரம் இருக்கும் மரத்தில் கோலின் சூடு முதலில் நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடும். கோடு வெளிறியும் ஓரம் கலங்கியும் விழும். பலகையாக அறுத்த மரம் ஓர் அங்குலக் கனத்துக்கு ஏறத்தாழ ஓர் ஆண்டு நிழலில் காய வேண்டும் என்பது தச்சர்களின் பழைய கணக்கு. மரத்தையும் காற்றின் ஈரத்தையும் பொறுத்து இது கூடும், குறையும். ஆகவே துண்டை வாரம் ஒருமுறை எடை போட்டு வாருங்கள். எடை குறைவது நின்றுவிட்டால் மரம் காய்ந்துவிட்டது என்று கொள்ளலாம்.

வட்டமாக அறுத்த வில்லைகள் வெடிப்பது ஏன் என்றும் சிலர் கேட்டிருக்கிறார்கள். மரம் காயும்போது ஆண்டு வளையத்தின் போக்கில் சுருங்கும் அளவு, நடுவிலிருந்து பட்டையை நோக்கிச் சுருங்கும் அளவைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. அந்த இழுவிசையைத் தாங்க முடியாமல் வில்லை ஓரத்திலிருந்து நடுவை நோக்கிப் பிளக்கிறது. வெட்டுமுகத்தில் மெழுகு பூசினால் ஈரம் மெல்ல வெளியேறும், வெடிப்பும் குறையும். வெடித்த வில்லையையும் தூக்கி எறிய வேண்டாம். பிளவைப் பாறை இடுக்காக வைத்துக்கொண்டு அதன் விளிம்பில் ஒரு சிறுத்தையைப் படுக்க வைத்தால், அந்த வெடிப்பு அங்கேயே இருந்தாக வேண்டியதாகத் தோன்றும்.

கேள்வி: கடற்கரையில் ஒதுங்கிய கட்டைகளையும், பழைய வீட்டுப் பலகைகளையும் பயன்படுத்தலாமா?

பதில்: கடற்கட்டை அழகானது, ஆனால் உப்பு ஊறியது. உப்பு கோலின் முனையை அரிக்கும். இடுக்குகளில் புதைந்த மணல் உளியின் கூரைக் கெடுக்கும். நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, தண்ணீரைப் பலமுறை மாற்றி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, மீண்டும் முழுதாகக் காயவைத்த பிறகே அதைத் தொடுங்கள்.

பழைய பலகை விஷயத்தில் நான் கண்டிப்பாகவே சொல்வேன். பச்சை நிறம் ஏறிய, பூச்சி அரிக்காமல் இருக்க மருந்தூட்டிய மரத்தில் ஆர்சனிக் கலந்திருக்கக்கூடும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும். பிளைவுட்டிலும் அழுத்தப் பலகைகளிலும் பசை இருக்கிறது. இவற்றைச் சுட்டால் அந்தப் புகை நேராக உங்கள் நுரையீரலுக்குத்தான் போகும். அரளிக் கட்டை நச்சுடையது; அதையும் தவிர்த்துவிடுங்கள். என்ன மரம் என்று தெரியாத கட்டையைச் சுடாமல் இருப்பதே நல்லது.

கேள்வி: நான் எடுத்து வந்த கட்டையில் வண்டு துளைத்த ஓட்டைகள் இருக்கின்றன. அதை வீட்டுக்குள் வைக்கலாமா?

பதில்: கட்டையைக் கறுப்புத் தாளின்மேல் சில வாரங்கள் வைத்துப் பாருங்கள். புதிதாக மாவு உதிர்ந்தால் உள்ளே புழு உயிரோடு இருக்கிறது. பன்னாட்டுச் சரக்குகளுக்கான மரப்பெட்டிகளைச் சூடேற்றும் விதியில், மரத்தின் நடுப்பகுதி வரை 56 பாகை செல்சியஸ் வெப்பம் தொடர்ந்து 30 நிமிடம் இருக்க வேண்டும் என்று வகுத்திருக்கிறார்கள். நீங்களும் அதையே அளவாகக் கொள்ளலாம். கனமான கட்டையின் நடுப்பகுதி சூடேறவே நெடுநேரம் ஆகும் என்பதை மறக்க வேண்டாம். புழு ஒழிந்த பிறகு ஓட்டைகளை அடைக்காதீர்கள். அவற்றின் அருகில் ஒரு மரங்கொத்தியை வரைந்தால், அது எதைத் தேடி வந்திருக்கிறது என்பதை மரமே சொல்லிவிடும்.

இதோடு சேர்த்து ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பொந்து விழுந்த கட்டையும் பாசி படர்ந்து மக்கும் கட்டையும் பல உயிர்களுக்கு வீடு. காட்டுயிரை வரைய விரும்பும் நாமே அந்த வீட்டைத் தூக்கி வருவது தகாது. பாதுகாக்கப்பட்ட காடுகளிலிருந்து காய்ந்த மரத்தை எடுப்பதும் பல இடங்களில் சட்டப்படி குற்றம். புயலில் முறிந்து சாலையில் விழுந்த கிளைகளும், தோட்டங்களில் கவாத்து செய்து ஒதுக்கியவையும் நமக்குப் போதும்.

கேள்வி: கோடு தொடங்கும் இடத்தில் எப்போதும் ஒரு கரும்புள்ளி விழுகிறது. பைன் மரத்தில் கோடு திட்டுத்திட்டாகவும் வருகிறது.

பதில்: முனை காற்றில் நிற்கும்போதுதான் அதன் சூடு உச்சத்தில் இருக்கும். மரத்தைத் தொட்ட கணத்தில் அந்தச் சூடு முழுவதும் ஒரே இடத்தில் இறங்குகிறது. கோலை ஊன்றிவிட்டு நகர்த்தாமல், கை நகர்ந்துகொண்டிருக்கும்போதே முனை மரத்தைத் தொடட்டும். நகர்ந்துகொண்டே மேலே எழும்பட்டும். பைனில் மென்மையான வெளிர்ப் பட்டையும் கடினமான அடர்ப் பட்டையும் மாறி மாறி வருகின்றன. மென்பட்டை சட்டென்று கருகும், அடர்பட்டை சூட்டுக்கு எளிதில் மசியாது. சூட்டைக் குறைத்து, ஒரே கோட்டின்மேல் இரண்டு மூன்று முறை மெதுவாகச் செல்வதே வழி. நுண்ணிய வேலைக்குச் சீரான இழையும் வெளிர்நிறமும் கொண்ட மரமே ஏற்றது.

கேள்வி: நான் வரையும் விலங்குகளின் ரோமம் புல்வெளி போலத் தெரிகிறது. எங்கே தவறு?

பதில்: எல்லா ரோமத்தையும் ஒரே நீளத்தில், ஒரே திசையில் இழுக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். மூக்கின் மேல் ரோமம் மிகக் குட்டையாக இருக்கும்; கன்னத்தில் திசை திரும்பும்; கழுத்தில் நீண்டு கற்றை கற்றையாகப் பிரியும். சுடத் தொடங்கும் முன், பென்சிலால் உடல் முழுவதும் ரோமத்தின் போக்கை அம்புக்குறிகளால் வரைந்துகொள்ளுங்கள். வாலிலிருந்து தொடங்கித் தலையை நோக்கி வாருங்கள். அப்போதுதான் முன்னால் உள்ள ரோமம் பின்னால் உள்ளதன் வேர்மேல் படிந்தது போல அமையும். புள்ளிமானின் புள்ளிகளைச் சுடாமல் விடும்போது, அவற்றின் ஓரத்தில் இரண்டொரு ரோமங்களாவது உள்ளே நீண்டிருக்கட்டும். இல்லாவிட்டால் புள்ளி ஒட்டவைத்த வில்லையாகத் தெரியும்.

கேள்வி: கண்ணில் உயிர் வர என்ன செய்ய வேண்டும்?

பதில்: முதலில் அந்த விலங்கின் பாவையை, அதாவது கண்ணின் நடுவிலுள்ள கரிய துளையின் வடிவை, அறிய வேண்டும். புலிக்கும் சிறுத்தைக்கும் பாவை வட்டமானது. வீட்டுப்பூனையைப் பார்த்து அவற்றுக்குச் செங்குத்துக் கீற்றாக வரைவது பிழை. மானுக்கு அது கிடைநீளமானது. அடுத்து, ஒளிப்புள்ளியின் இடத்தைப் பென்சிலால் குறித்து, கடைசிவரை அங்கே கோல் படாமல் காத்துக்கொள்ளுங்கள். இரண்டு கண்களிலும் அது ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். பாவையை ஒரே அழுத்தில் கரிக்காமல், புள்ளி புள்ளியாகச் சேர்த்து இருளாக்குங்கள். மேலிமையின் நிழல் விழுவதால் கருவிழியின் மேற்பாதி அடர்ந்தும் கீழ்ப்பாதி வெளிர்ந்தும் இருக்கும். இந்த வேறுபாடுதான் கண்ணைக் கோளமாகக் காட்டுகிறது. ஒளிப்புள்ளி தவறிக் கருகிவிட்டால் கூர்கத்தி முனையால் மெல்லச் சுரண்டி எடுக்கலாம்.

கேள்வி: செதுக்குவதும் சுடுவதும் சேர்ந்த வேலையில் எதை முதலில் செய்வது?

பதில்: செதுக்கி, உப்புத்தாளில் தேய்த்து முடித்த பிறகே சுட வேண்டும். உருவத்தின் விளிம்பில் முதலில் செங்குத்தாக வெட்டிவிட்டு, பின்னணியை அந்த வெட்டை நோக்கிச் சரிவாகச் சீவுங்கள்; சிராய் உருவத்துக்குள் பெயராது. உளி மரத்தைக் கிழித்தால் எதிர்த்திசையிலிருந்து சீவிப் பாருங்கள். கட்டையைப் பிடிமானத்தில் இறுக்கி, இரண்டு கைகளும் கூருக்குப் பின்னால் இருக்குமாறு வேலை செய்யுங்கள்.

கேள்வி: புகைக்குச் சாதாரண முகக்கவசம் போதுமா?

பதில்: தூசிக்கான கவசம் வாயுவைத் தடுக்காது. கரி வடிகட்டி உள்ள கவசம் அணியுங்கள். மின்விசிறியைப் புகையை வெளியே இழுக்கும்படி வையுங்கள். காற்று முனைமேல் வீசினால் சூடு குறைந்து கோடு சீர்கெடும்.

கேள்வி: முடித்த ஓவியத்துக்கு என்ன பூசலாம்?

பதில்: சுடும் வேலை முழுவதும் முடிந்த பிறகே பூச்சு, பூசிய மரத்தை மறுபடி சுடவே கூடாது. வெளிர்நிறச் சாயலைக் காக்க, நீரை அடிப்படையாகக் கொண்ட வார்னிஷ் நல்லது. ஆளிவிதை எண்ணெய் மரத்தை மஞ்சளாக்கும். பழுப்பு ரோமம் உள்ள விலங்குகளுக்கு அது பொருந்தும். எதைப் பூசினாலும் நேர்வெயில் படும் இடத்தில் மாட்டாதீர்கள். மெல்லிய சூட்டுக்கோடுகள் மங்கிவிடும். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால், அது தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். திறந்த வெளியில் விரித்து முழுதாகக் காயவைத்த பிறகே அதைக் குப்பையில் சேருங்கள்.