பழைய பைக், 6 வோல்ட் மின்சாரம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: லூகாஸ் கம்பெனியின் இ3எல் டைனமோ (இன்ஜின் சுழற்சியால் மின்சாரம் தந்து பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கருவி) உள்ள பழைய பைக். ஆம்மீட்டர் முள் சார்ஜ் பக்கம் நகரவே மாட்டேன் என்கிறது. டைனமோவை ரீவைண்டிங் (காயிலைப் புதிதாகச் சுற்றுதல்) செய்துவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். கோளாறு டைனமோவிலா, வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரிலா, நடுவில் உள்ள ஒயரிலா என்பது முதலில் தெரிய வேண்டும். அதற்கு ஒரு மல்டிமீட்டரும் துண்டு ஒயரும் போதும்.

டைனமோவின் டி, எஃப் என்ற இரண்டு முனைகளிலும் உள்ள ஒயர்களைக் கழற்றுங்கள். அந்த இரு முனைகளையும் துண்டு ஒயரால் ஒன்றாக இணைத்து, மீட்டரின் ஒரு முனையை அதிலும் மற்றொன்றை டைனமோ உடம்பிலும் வையுங்கள். இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ஆக்சிலரேட்டரை மெதுவாகக் கூட்டுங்கள். வோல்டேஜ் தடுமாறாமல் விறுவிறுவென ஏறினால் டைனமோ நன்றாகவே இருக்கிறது. 10 வோல்ட்டைத் தொட்டதும் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் முறுக்கினால் நல்ல காயிலும் புகைந்துபோகும்.

ஏறாவிட்டால், மீட்டர் காட்டும் அளவே கோளாறு எங்கே என்று சொல்லிவிடும். ஒன்றுமே காட்டாவிட்டால் கார்பன் பிரஷ்ஷைப் பாருங்கள். கூட்டுக்குள் சிக்கியிருக்கும், அல்லது தேய்ந்து கம்யூட்டேட்டரை (தண்டோடு சுழலும் செம்புப் பட்டை வளையம்) தொடாமல் இருக்கும். அரை வோல்ட் அளவிலேயே நின்றால் ஃபீல்டு காயில் (சுழலாமல் நின்று காந்தப் புலம் தரும் காயில்) மீது சந்தேகம். அதன் மின்தடை 3 ஓம் அருகில் இருக்க வேண்டும். ஒன்றரை முதல் 2 வோல்ட் வரை வந்து நின்றால் ஆர்மேச்சர் (உள்ளே சுழலும் காயில்) மீது சந்தேகம். ரீவைண்டிங் பேச்சை இந்தக் கட்டத்துக்குப் பிறகு எடுத்தால் போதும்.

கம்யூட்டேட்டர் கறுத்திருந்தால் பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்து, நைஸான கண்ணாடித் தாளால் தேய்க்கலாம். எமரி தாள் கூடாது. அதன் துகள்கள் செம்பில் பதிந்துகொண்டு பிரஷ்ஷை அரித்துவிடும். செம்புப் பட்டைகளுக்கு நடுவில் உள்ள மைக்கா (மின்சாரம் கடத்தாத காப்பு), செம்பின் மட்டத்தைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும். உயர்ந்திருந்தால் பிரஷ் துள்ளி, தீப்பொறி பறக்கும். பக்கவாட்டில் உரசி மெலிதாக்கிய ஹேக்ஸா பிளேடால் அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக மைக்காவைச் சுரண்டினால் சரியாகிவிடும்.

பல வருடம் சும்மா கிடந்த டைனமோ என்றால் இன்னொன்று: இரும்பில் மிச்சமிருக்கும் காந்தம் போயிருக்கும், அல்லது தலைகீழாகியிருக்கும். எஃப் ஒயரைக் கழற்றியபடியே, பேட்டரியின் எர்த் அல்லாத (வண்டி உடம்போடு இணைக்காத) முனையிலிருந்து ஒரு ஒயரை எஃப் முனையில் ஓரிரு நொடி தொட்டு எடுங்கள். பல டைனமோக்கள் இதிலேயே உயிர் பெற்றுவிடும்.

கேள்வி: புது பேட்டரி, புது பல்பு. ஆனாலும் ஹெட்லைட் மஞ்சளாகத்தான் எரிகிறது. வண்டி முழுக்கப் புது பவுடர் கோட்டிங் செய்திருக்கிறேன்.

பதில்: கடைசி வரியில் நீங்களே பதிலைச் சொல்லிவிட்டீர்கள். பளபளவென்று கோட்டிங் செய்த வண்டிகளில்தான் எர்த் மோசமாக இருக்கிறது. கோட்டிங் மின்சாரத்தைக் கடத்தாது. ஹெட்லைட் கிண்ணத்திலிருந்து ஃப்ரேமுக்கு வரும் வழி ஹேண்டில் பேரிங் கிரீஸ் வழியாகத்தான் போக வேண்டியிருக்கிறது.

30 வாட் பல்பு 6 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும். வழியில் 0.2 ஓம் தடை இருந்தாலே 1 வோல்ட் காணாமல் போகும். பல்புக்கு 5 வோல்ட் மட்டும் கிடைத்தால் வெளிச்சம் ஏறக்குறைய பாதியாகிவிடும். இழை பல்பில் வோல்டேஜ் கொஞ்சம் இறங்கினாலும் வெளிச்சம் அதைவிட அதிகமாக இறங்கும்.

லைட்டைப் போட்டுவிட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் முனையிலும் மற்றொன்றை பல்பு ஹோல்டர் உடம்பிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. அதேபோல் பேட்டரியின் இன்னொரு முனைக்கும் பல்பின் அடித்தொடுமுனைக்கும் நடுவில் பாருங்கள். அங்கே அதிகம் காட்டினால் சுவிட்ச், புல்லட் கனெக்டர் (ஒயர்களை இணைக்கும் முனை), ஆம்மீட்டர் முனை என்று ஒவ்வொன்றாக அளந்துகொண்டே வரலாம்.

ஹோல்டரிலிருந்து பேட்டரியின் எர்த் முனைக்கே 2 சதுர மி.மீ. ஒயர் ஒன்றைத் தனியாக இழுத்துவிடுங்கள். பழைய ஒயரை வெட்டும்போது உள்ளே செம்பு கறுத்திருந்தால், பளிச்சென்ற செம்பு வரும்வரை வெட்டுங்கள். வரவே இல்லையென்றால் அந்த ஒயரைத் தூக்கிப் போடுங்கள். கறுத்த செம்பில் ஈயம் பிடிக்காது. வேலையோடு வேலையாக, பேட்டரிக்குப் பக்கத்தில் எர்த் அல்லாத பக்கம் 15 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றையும் போட்டுவிடுங்கள்.

கேள்வி: மேக்னெட்டோ (பேட்டரி இல்லாமலே பிளக்குக்குத் தீப்பொறி தரும் கருவி) உள்ள வண்டி. ஒரே உதையில் கிளம்புகிறது. 20 நிமிடம் ஓடியதும் நின்றுவிடுகிறது. ஆறியபின் மறுபடி கிளம்பும்.

பதில்: நின்றவுடன் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்துவிட்டு உதைத்துப் பாருங்கள். உடனே கிளம்பினால் மூடியில் காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது, செலவு மிச்சம்.

அது இல்லையென்றால் பெரும்பாலும் கண்டென்சர் (மின்தேக்கி). பழைய மேக்னெட்டோக்களில் அது ஆர்மேச்சருக்குள்ளேயே இருக்கும். மெழுகிட்ட தாளால் ஆன அதன் காப்பு நாளாக ஆக ஈரம் வாங்கி, சூடேறும்போது மின்சாரத்தைக் கசியவிடும். சாதாரண மல்டிமீட்டர் இதைக் கண்டுபிடிக்காது. மீட்டர் கொடுப்பது சில வோல்ட். ஓடும்போது பாயிண்ட் (தீப்பொறிக்காகத் திறந்து மூடும் தொடுமுனை) திறக்கும் கணத்தில் கண்டென்சர் மீது விழுவது சில நூறு வோல்ட். பாயிண்ட் பக்கம் வெளியே ஒரு புதுக் கண்டென்சரை ஒட்டவைக்கும் குறுக்கு வழி, பழையது உள்ளேயே கசிந்துகொண்டிருக்கும்வரை பலிக்காது. பழையதைத் துண்டித்தாக வேண்டும்.

பிரிக்கிறவர்கள் கவனிக்க: ஆர்மேச்சரை இழுக்கும் முன் பிக்கப் (பிளக் ஒயருக்கு மின்சாரம் எடுக்கும் பகுதி), எர்த் பிரஷ், சேஃப்டி ஸ்குரூ மூன்றையும் கழற்றிவிட வேண்டும். சேஃப்டி ஸ்குரூவை மறந்தால் ஸ்லிப் ரிங்கின் (ஆர்மேச்சரோடு சுழலும் வளையம்) விளிம்பு சட்டென்று உடையும். உள்ளே கூட்டின் சுவரில் பிசுபிசுப்பான கறை தெரிந்தால், காயில் மீது பூசிய அரக்கு உருகியிருக்கிறது. கண்டென்சரோடு ரீவைண்டிங்கும் செய்துவிடுவதே மேல். பூட்டும்போது பாயிண்ட் இடைவெளி 0.3 மி.மீ. இருக்கட்டும், பிளக் ஒயர் செம்பு இழை உள்ளதாக இருக்கட்டும்.

கேள்வி: இ3எல் டைனமோவையே வைத்துக்கொண்டு 12 வோல்ட்டுக்கு மாறலாமா? பாசிடிவ் எர்த்தையும் (பேட்டரியின் பாசிடிவ் முனையை வண்டி உடம்போடு இணைக்கும் முறை) மாற்ற வேண்டுமா?

பதில்: மாறலாம். ஃபீல்டு காயிலைத் தொடாமல், 12 வோல்ட் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் போட்டாலே போதும். பேட்டரி, பல்புகள், ஹாரன் மூன்றும் மாற வேண்டும். அதே வாட்டுக்குப் பாதி ஆம்பியர் போதும் என்பதால் ஒயரில் இழப்பு குறையும். ஆனால் இன்ஜின் முன்பைவிட வேகமாகச் சுற்றினால்தான் சார்ஜ் ஏற ஆரம்பிக்கும். மெதுவாகவே ஓட்டுகிறவர்களுக்கு இது லாபமில்லை. எர்த்தையும் கனெக்டர்களையும் சரி செய்த 6 வோல்ட்டே போதும்.

பாசிடிவ் எர்த்தை மாற்றக் காரணம் எதுவும் இல்லை. ரெகுலேட்டரும் எல்இடி பல்பும் வாங்கும்போது மட்டும் பாசிடிவ் எர்த்துக்கு உரியதுதானா என்று பார்த்து வாங்குங்கள். மாற்றி இணைத்த எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் ஒரே நொடியில் போய்விடும்.