பக்கக் கதவு லைற்

தங்கச்சி, ஆவணியில்தான் கனடாவில் வந்திறங்கினீங்கள், அதற்குள் இந்தப் பிரச்சினை வீட்டுக்குள் வந்துவிட்டது. மூன்றாம் வகுப்பு மகள் நத்தார் தாத்தாவை, அதுதான் சான்ராவை, மெய்யென்று நம்புகிறாள், "நாங்கள் சைவம், பிள்ளைக்குப் பொய் சொல்லி வளர்க்கக் கூடாது, உண்மையைச் சொல்லு" என்று கணவர் நிற்கிறார், என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீங்கள். நீங்களாகச் சொல்ல வேண்டாம். அவளாகக் கேட்கும்வரை விடுங்கோ.

ஊரில் பாற்பல் விழுந்தால் கூரையில் எறிந்து, அணிலிடம் புதுப்பல் கேட்டுத்தானே வளர்ந்தோம்? அம்மா பொய் சொன்னா என்று நாங்கள் யாரும் கோபிக்கவில்லை.

நாங்கள் முதலில் இருந்தது ஸ்காபரோவில் ஒரு பேஸ்மெண்டில். மகனுக்கு ஆறு வயது. அந்த டிசம்பர் முழுக்க அவனுக்கு ஒரே யோசனை: வாசலில் இருப்பது மேல்வீட்டு நம்பர், கீழே ஒரு பிள்ளை இருப்பது சான்ராவுக்கு எப்படித் தெரியும்? வீட்டுக்காரி வயதான இத்தாலிய அம்மா. அவன் நொன்னா என்றுதான் கூப்பிடுவான். இதைக் கேட்டதும் அவ ஒரு மட்டையில் அவன் பெயரைப் பெரிதாக எழுதி, கீழ்நோக்கி ஒரு அம்புக்குறியும் போட்டு, பக்கக் கதவில் ஒட்டினா. மற்ற நாட்களில் பத்து மணிக்கே அணைக்கிற லைற்றை நத்தாருக்கு முதல்நாள் இரவு விடியும்வரை எரியவிட்டா. பனிக்குள் அந்த மஞ்சள் வெளிச்சம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

பத்து வயதில், ஸ்னோ தள்ளிக்கொண்டு நின்றபோது கேட்டான்: "அம்மா, நீங்கள்தானே?" ஓம் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் தள்ளினான். பிறகு, "அப்ப லைற் போட்டது?" என்றான். "அது நொன்னாதான்." அதற்குத்தான் அவனுக்குக் கண் கலங்கியது. சான்ராவுக்காக இல்லை.

கணவரிடம் இன்னொன்றும் சொல்லுங்கோ. உங்கள் மகளுக்குச் சொன்னால் அது அவளோடு நிற்காது. அடுத்த நாள் வகுப்பில் சொல்லுவாள், நாலு பிள்ளைகள் அழும். இங்கே ஆசிரியர், அயலவர், பஸ் சாரதி என்று பெரியவர்கள் எல்லோரும் சேர்ந்துதான் இதைக் காக்கிறார்கள். கனடா அஞ்சலே காக்கிறது. சான்ரா குளோஸ், வடதுருவம், எச்0எச் 0எச்0 என்று விலாசம் எழுதினால் போதும், முத்திரை தேவையில்லை. அஞ்சல் ஊழியர்களும் ஓய்வுபெற்றவர்களும் தொண்டாக இருந்து பதில் எழுதுகிறார்கள். உங்கள் விலாசத்தை மறக்காமல் எழுதி, டிசம்பர் தொடக்கத்திலேயே போட்டுவிடுங்கோ. ரொறன்ரோவில் 1905இலிருந்து நடக்கிற சான்ரா ஊர்வலத்துக்கும் கூட்டிக்கொண்டு போங்கோ. நவம்பரில் வரும், கையுறை, தொப்பி கட்டாயம்.

பரிசு விஷயத்தில் மட்டும் கவனம். சான்ரா பெயரில் சின்னச் சாமான் வையுங்கோ, விலை கூடியதை அம்மா அப்பா தந்ததென்றே கொடுங்கோ. வசதியில்லாத வீட்டுப் பிள்ளை, "எனக்கு மட்டும் ஏன் சான்ரா ஒரு சொக்ஸ் தந்தார்?" என்று தன்னையே குறைவாக நினைக்கக் கூடாது. சுற்றுகிற தாளையும் வேறாக வாங்குங்கோ. எட்டு வயதுப் பிள்ளை அதைக் கட்டாயம் கவனிக்கும்.