நெறி கட்டுவது ஏன், மண்ணீரல் எதற்கு? கேள்வி பதில்

கேள்வி: கால் கட்டைவிரலில் முள் குத்திச் சீழ் பிடித்தது. தொடை இடுக்கில் ஏன் நெறி கட்டுகிறது, டாக்டர்?

பதில்: காலின் நிணநீர் (திசுக்களிலிருந்து வடியும் தெளிந்த நீர்) தொடை இடுக்கு வழியாகத்தான் மேலே ஏறுகிறது. புண்ணில் உள்ள கிருமித் துணுக்குகளை டென்ட்ரிடிக் செல்கள் என்ற காவல் செல்கள் எடுத்துக்கொண்டு, அங்கிருக்கும் நிணநீர்க் கணுக்களுக்கு வந்து சேரும். ஒரு குறிப்பிட்ட கிருமியை அடையாளம் காணும் டி செல் (நோய் எதிர்ப்பு வெள்ளணுக்களில் ஒரு வகை), லட்சத்தில் ஒன்றோ பத்து லட்சத்தில் ஒன்றோதான். அது உடம்பெல்லாம் அலைந்து புண்ணைத் தேடினால் காரியம் ஆகாது. அதனால் டி செல்கள் ரத்தத்திலிருந்து கணுவுக்குள் இறங்கி, அரை நாளிலிருந்து ஒரு நாள் வரை துழாவிவிட்டு, பொருத்தம் அமையாவிட்டால் அடுத்த கணுவுக்குக் கிளம்பும். தொற்று வந்த கணுவில் வெளியேறும் வழி தற்காலிகமாக அடைபடும், ரத்த ஓட்டம் கூடும், பொருந்திய செல் பெருகத் தொடங்கும். இப்படிக் கணு வீங்குவதுதான் நெறி. கணுவின் உறை இழுபடுவதால் வலி. நெறியை உருவிவிட வேண்டாம். புண்ணைக் கவனியுங்கள், நெறி தானே அடங்கும்.

கேள்வி: புண் ஆறியும் மூன்று வாரமாக உருண்டை தெரிகிறதே?

பதில்: சிறுத்துக்கொண்டே வந்தால் நான்கு வாரம் வரை பொறுக்கலாம். (தினம் பத்துத் தடவை அமுக்கிப் பார்ப்பவருக்கு எதுவும் சிறுத்ததாகத் தோன்றாது.) கல்போலக் கெட்டியாக, அசையாமல் இருந்தாலோ, எடை குறைந்தாலோ, இரவில் உடை நனைய வியர்த்தாலோ காத்திருக்க வேண்டாம். காறை எலும்புக்கு மேலே வந்த நெறிக்கு ஒரு வாரம்கூடத் தவணை கொடுக்கக் கூடாது, நெஞ்சிலும் வயிற்றிலும் உள்ள புற்றுநோய் அங்கே வந்து தங்கும். நம் நாட்டில் நாள்பட்ட கழுத்து நெறி என்றால் காசநோயை நினைக்காமல் இருக்க முடியாது. ஊசியால் செல் எடுத்துப் பார்ப்பதோடு காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் பரிசோதனையும் கேளுங்கள். காரணம் தெரியுமுன் ஸ்டீராய்டு மாத்திரை போடுவதுதான் பெரிய தப்பு: லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் தற்காலிகமாகச் சுருங்கி, பயாப்ஸியையே (திசுவை வெட்டியெடுத்துப் பார்க்கும் பரிசோதனை) குழப்பிவிடும்.

கேள்வி: கணுக்களே இவ்வளவு செய்தால் மண்ணீரல் எதற்கு?

பதில்: கணு வடிகட்டுவது நிணநீரை, மண்ணீரல் வடிகட்டுவது ரத்தத்தை. சுமார் 150 கிராம் எடையுள்ள அந்த உறுப்புக்குள் நிணநீரைக் கொண்டுவரும் குழாயே கிடையாது. அதன் ரத்தம் நிறைந்த பகுதியான செங்கூழின் குறுகிய இடுக்குகளில் நெளிந்து வெளியேற முடியாத கிழட்டுச் சிவப்பணுக்கள் அங்கேயே விழுங்கப்படும். வெள்ளணுக்கள் திரண்ட பகுதியான வெண்கூழின் விளிம்பில் இருக்கும் பி செல்கள் (எதிர்ப்பொருள் சுரக்கும் வெள்ளணுக்கள்) வேறு ரகம். நிமோனியா உண்டாக்கும் நிமோகாக்கஸ் போன்ற கிருமிகள் போர்த்தியிருக்கும் சர்க்கரை உறையைக் கண்டதும், டி செல்லின் உதவிக்குக் காத்திராமல் ஐஜிஎம் என்ற வகை எதிர்ப்பொருளைச் சுரக்கும். 2 வயதுக்குள் இந்த விளிம்பு முதிர்ந்திருக்காது. வெறும் சர்க்கரை உறையால் ஆன தடுப்பூசி கைக்குழந்தைகளுக்குப் பலிக்காததற்கு அது முக்கியக் காரணம்.

கேள்வி: விபத்தில் தம்பிக்கு மண்ணீரலை எடுத்துவிட்டார்கள். இனி என்ன கவனிக்க வேண்டும்?

பதில்: நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ் (மூளைக்காய்ச்சல் கிருமி), ஹிப் (ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்சா பி என்ற கிருமி) ஆகியவற்றுக்கான தடுப்பூசிகள். அவசர அறுவை என்பதால் 14 நாள் கழித்து; திட்டமிட்ட அறுவை என்றால் குறைந்தது 2 வாரம் முன்பே போட்டிருக்க வேண்டும். நிமோகாக்கஸில் புரதம் இணைத்த ஊசிதான் முதலில். அது 13 வகைக்கானது என்றால் 8 வாரம் கழித்து 23 வகைக்கான ஊசி. வரிசை மாறினால் பின்னால் போடும் இணைப்பு ஊசிக்கு உடல் மந்தமாகவே பதில் தரும். வருடாவருடம் ஃப்ளூ ஊசி உண்டு.

ஊசியைவிட முக்கியம் காய்ச்சல். 100.4 டிகிரி தாண்டினால் மருத்துவர் முன்பே எழுதிக் கொடுத்த ஆன்டிபயாடிக்கின் முதல் வேளையைப் போட்டுக்கொண்டு நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். காலையில் லேசான குளிராகத் தொடங்கும் தொற்று ஓரிரு நாளில் உயிரைக் குடித்துவிடும். நாய் கடித்தால் ரேபிஸ் ஊசி மட்டும் போதாது, நாயின் எச்சிலில் உள்ள கேப்னோசைட்டோஃபாகா என்ற கிருமிக்கும் ஆன்டிபயாடிக் வேண்டும்.

கேள்வி: ஸ்கேனில் துணை மண்ணீரல் (கூடுதலாக இருக்கும் சிறு மண்ணீரல் துண்டு) தெரிகிறதாம். அது போதாதா?

பதில்: சுமார் பத்துப் பேரில் ஒருவருக்கு அப்படி இருக்கும். அதை நம்பி ஊசியை விடாதீர்கள். கண்ணாடித் தகட்டில் பூசிப் பார்க்கும் ரத்தத்தில் ஹோவெல்-ஜாலி துணுக்குகள் (சிவப்பணுக்களில் எஞ்சிய உட்கருத் துண்டுகள்) தெரிந்தால் அது வேலை செய்யவில்லை என்று பொருள். தெரியாவிட்டாலும் பாதுகாப்பு இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது.