காலணிக்கென்று ஒரு வினைச்சொல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

போர்த்துகீசியம் கற்றுவருகிறேன். 'ஷூ போட்டேன்' என்பதற்கு, சட்டைக்குரிய 'வெஷ்தீர்' வினையை எழுதினேன். 'கல்சார்' என்று திருத்தினார்கள். தமிழில் சட்டை, செருப்பு, கண்ணாடி எல்லாமே 'போடு'தானே? காலணிக்கு ஏன் தனிச்சொல்? ஸ்பெயினின் கட்டலோனியா பகுதியில் பேசும் கட்டலானிலும் இப்படித்தானா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

திருத்தியது சரி. போர்த்துகீசியத்தில் உடலுக்கு 'வெஷ்தீர்', தொப்பிக்கும் கண்ணாடிக்கும் 'போர்', காலுக்குக் 'கல்சார்'. காலுறையும் கையுறையும்கூடக் 'கல்சார்'தான். காலணியைக் குறிக்கும் 'கல்கேயுஸ்' என்ற லத்தீன் சொல்லே இதன் வேர். அதற்கும் அடியில் இருப்பது 'கல்க்ஸ்', அதாவது குதிகால்.

கட்டலானிலும் எழுத்து அதேதான் (calçar), 'சி'யின் அடியில் வால் உட்பட. பார்சலோனாவில் கடைசி 'ர்' ஒலிக்காது, வலென்சியாவில் ஒலிக்கும். 'இ', 'எ' உயிர்களுக்கு முன் அந்த வால் போய்விடும். பலர் பிழை செய்யும் இடம் இது. கட்டலான் பேச்சில் ஷூவுக்குப் 'புசார்சே' என்ற பொதுவினையும் சாதாரணமாக வரும். ஆனால் கடையில் அளவு கேட்கும்போது இரு மொழிகளிலும் இந்த வினைதான். 'கல்சு 42' என்றால் 'என் கால் அளவு 42'. கட்டலானில் இதோடு 'எம்' ('எனக்கு') சேர்த்துவிடாதீர்கள். சேர்த்தால் அணியும் செயலாகிவிடும்.

'நீ அணிகிறாய்' என்ற வடிவம் போர்த்துகீசியத்தில் 'கல்சஷ்', கட்டலானில் 'கல்சஸ்'. பெயர்ச்சொல்லாக முன்னது முழுக்கால்சட்டை, பின்னது பெண்களின் உள்ளாடை! காலுறையாகத் தொடங்கிய உடை இடுப்புவரை ஏறியதன் தடயம் இது. இரண்டையும் குழப்பிக்கொண்டால் துணிக்கடையில் சங்கடம்தான்.

இந்த வினையை வெறும் 'ஷூ போடு' என்று மனப்பாடம் செய்ய வேண்டாம். அடியில் எதையோ கொடுத்து மூடுவது, தாங்குவது என்று பிடித்துக்கொள்ளுங்கள். ஆடும் மேசைக்காலுக்கு அட்டை வைப்பதும் இதே சொல்தான். கட்டலோனியாவில் வெங்காயத்துக்கு மண் அணைப்பதும் இதுவே. அங்கே வால்ஸ் ஊரின் 'கல்சோட்', அதாவது தீயில் சுட்டு உண்ணும் வெங்காயத்தண்டு, அப்படிப் பெயர் பெற்றதுதான். கோடையில் எடுத்த வெங்காயத்தை மறுபடி நடுவார்கள். ஒவ்வொன்றிலிருந்தும் பல தண்டுகள் கிளம்பும். அவை வளர வளர, இரண்டு மூன்று தடவை மண் அணைப்பார்கள். வெயில் படாத பகுதி வெளுத்து, இளசாக, இனிப்பாக இருக்கும். ஒரே தடவையில் உயரமாகக் குவித்தால் குருத்துக்குள் மண் இறங்கி அழுகும். அணைக்காமலே விட்டால் தண்டு பச்சையாகி நார் ஏறும். பிறகு தீயில் சுட்டாலும் அந்த மென்மை வராது.